கலப்பெண் அணிகளில் விடை பிசகும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை தேடும் வழிமுறை

மெய்யெண் அணிகளில் நன்கு தேர்ந்த மாணவர்கூட உறுப்புகள் கலப்பெண்களாக மாறியதும் தடுமாறுகிறார் என்றால், அதற்குக் காரணம் கணக்கு கடினமாகிவிடுவது அன்று. கூட்டல், பெருக்கல், அணிக்கோவை, நீக்கல் முறை ஆகிய அனைத்தும் பழைய விதிகளின்படியே நடக்கின்றன. மாறுவது ஒன்றுதான்: நிரையையும் நிரலையும் இடம் மாற்றும்போது சில இடங்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் இணைக் கலப்பெண் (கற்பனைப் பகுதியின் குறியை மட்டும் மாற்றிய எண்; சுருக்கமாக இணையெண்) எடுத்தாக வேண்டும், சில இடங்களில் எடுக்கவே கூடாது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செயலை மறந்ததாலோ, வேண்டாத இடத்தில் செய்ததாலோ, இருமுறை செய்ததாலோ நேர்ந்தவை. எனவே விடையில் எது கோணலாகத் தெரிகிறதோ அந்த அறிகுறியிலிருந்து தொடங்கி, இணையெண் எங்கே தவறியது என்று தேடுவதே குறுகிய வழி.

குறியீடுகளைப் பற்றி ஒரு சொல். கற்பனை அலகை ஐ என்று எழுதுகிறேன். அதன் வர்க்கம் −1. ஓர் அணியை [2, 1+ஐ ; 1−ஐ, 3] என்று எழுதும்போது அரைப்புள்ளி அடுத்த நிரையைக் குறிக்கிறது. க என்னும் அணியை நிரைநிரல் மாற்றி, உறுப்புகளுக்கு இணையெண்ணும் எடுத்தால் கிடைக்கும் அணியை க* என்றும், அதற்கு இணை மாற்று அணி என்றும் பெயரிட்டுக்கொள்வோம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் கலப்பெண் என்பதைச் சிக்கலெண் என்றும், அணி என்பதைத் தாயம் என்றும் கொள்க.

அறிகுறி: பூச்சியமல்லாத வெக்டரின் நீளம் பூச்சியமாக வருகிறது

(1, ஐ) என்னும் வெக்டரின் நீளத்தை, பழைய பழக்கத்தின்படி உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டிக் கண்டால் 1 + (−1) = 0 என்று வருகிறது. வேறு வெக்டர்களுக்கு எதிரெண்ணோ கலப்பெண்ணோகூட வரலாம். கூட்ட வேண்டியவை உறுப்புகளின் வர்க்கங்கள் அல்ல, அவற்றின் மட்டு மதிப்புகளின் வர்க்கங்கள். அதாவது ஒவ்வோர் உறுப்பையும் தன்னாலேயே பெருக்காமல் தன் இணையெண்ணால் பெருக்க வேண்டும். அப்போது (1, ஐ) என்பதன் நீளத்தின் வர்க்கம் 1 + 1 = 2 ஆகும்.

இந்த இணையெண் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துவிட்டால் பின்வரும் அறிகுறிகளில் பாதி தாமே விளங்கிவிடும். 3+2ஐ என்னும் எண்ணை [3, −2 ; 2, 3] என்னும் மெய்யெண் அணியாக எழுதிப் பாருங்கள். கலப்பெண்களின் கூட்டலும் பெருக்கலும் இத்தகைய 2×2 அணிகளின் கூட்டலாகவும் பெருக்கலாகவும் அப்படியே நடக்கின்றன, ஐ என்பது [0, −1 ; 1, 0] ஆகிறது, அதாவது 90 பாகைச் சுழற்சி. இப்போது 3+2ஐ என்பதற்குரிய அணியை வெறுமனே நிரைநிரல் மாற்றினால் [3, 2 ; −2, 3] கிடைக்கிறது, அது 3−2ஐ என்பதற்குரிய அணி. ஆக, இணையெண் எடுப்பது புதிதாகச் சுமத்தப்பட்ட விதி அன்று. ஒவ்வோர் எண்ணும் உள்ளே ஒரு சிறிய அணியாக இருப்பதால், பெரிய அணியை முழுமையாக மாற்றும்போது உள்ளிருக்கும் சிறிய அணிகளும் மாறியாக வேண்டும். அந்த உள்மாற்றத்தைத்தான் நாம் இணையெண் என்கிறோம். இணையெண் எடுக்காமல் நிரைநிரல் மாற்றுவது பாதி வேலையோடு நிறுத்திக்கொள்வதாகும்.

அறிகுறி: உட்பெருக்கம் நூலிலுள்ள விடையின் இணையெண்ணாக வருகிறது

விடை 2−3ஐ என்று இருக்க வேண்டிய இடத்தில் 2+3ஐ வந்தால் பெரும்பாலும் அது பிழையே அன்று. இரு வெக்டர்களில் எதற்கு இணையெண் எடுப்பது என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. இயற்பியல் நூல்கள் முதல் வெக்டருக்கு எடுக்கின்றன. கணித நூல்களில் பல இரண்டாவதற்கு எடுக்கின்றன. இரண்டும் சரி, ஆனால் ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால் விடை தேறாது. இந்தக் கட்டுரையில் முதல் வெக்டருக்கே இணையெண் எடுக்கப்படுகிறது. குறியீட்டிலும் இதே தொல்லை உண்டு: கணித நூல்களில் நட்சத்திரக் குறி இணை மாற்று அணியைக் குறிக்கும், இயற்பியல் நூல்களில் அதே நட்சத்திரம் இணையெண்ணை மட்டும் குறிக்க, இணை மாற்றுக்கு வாள் போன்ற வேறொரு குறி வரும். நூலின் முதல் சில பக்கங்களில் குறியீட்டு விளக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள் இதில் ஒரு மாலைப் பொழுதை இழப்பார்கள்.

அறிகுறி: ஹெர்மிஷியன் அணிக்குக் கலப்பெண் ஐகன் மதிப்புகள் வருகின்றன

தன் இணை மாற்றுக்குச் சமமான அணியே ஹெர்மிஷியன் அணி. அதன் ஐகன் மதிப்புகள் அனைத்தும் மெய்யெண்களே என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் சார்ல் ஹெர்மீட் 1855இல் நிறுவினார். ஆகவே கலப்பெண் மதிப்பு வந்தால், ஒன்று கணக்கில் பிழை, அல்லது எடுத்துக்கொண்ட அணி ஹெர்மிஷியன் அன்று. இரண்டாவதை முதலில் சோதிப்பது நல்லது, ஏனெனில் அதற்குப் பத்து நொடி போதும். மூலைவிட்டத்தைப் பாருங்கள்: ஓர் எண் தன் இணையெண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டுமானால் அது மெய்யெண்ணாகவே இருக்க வேண்டும், ஆகவே மூலைவிட்டத்தில் கற்பனைப் பகுதியுடைய உறுப்பு ஒன்று இருந்தாலும் அது ஹெர்மிஷியன் அணி ஆகாது. பிறகு மூலைவிட்டத்துக்கு இருபுறமும் எதிரெதிரே உள்ள உறுப்புகள் ஒன்றுக்கொன்று இணையெண்களா என்று பாருங்கள்.

க = [2, 1+ஐ ; 1−ஐ, 3] என்பது ஹெர்மிஷியன். அதன் அணிக்கோவை 6 − (1+ஐ)(1−ஐ) = 6 − 2 = 4; மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 5. எனவே சிறப்பியல்புச் சமன்பாடு த² − 5த + 4 = 0; ஐகன் மதிப்புகள் 1, 4. இதையே படியெடுக்கும்போது கை தவறி [2, 1+ஐ ; 1+ஐ, 3] என்று எழுதிவிட்டால், (1+ஐ)² = 2ஐ ஆகையால் அணிக்கோவை 6−2ஐ ஆகிறது; சமன்பாட்டின் தன்மைகாட்டி 1+8ஐ ஆகி, ஐகன் மதிப்புகள் கலப்பெண்களாகின்றன. கூர்ந்து பார்த்தால் பிழை அணிக்கோவையிலேயே தெரிந்துவிட்டது: அது ஐகன் மதிப்புகளின் பெருக்கற்பலன் என்பதால், ஹெர்மிஷியன் அணியின் அணிக்கோவை மெய்யெண்ணாகவே இருக்க வேண்டும். சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்குமுன் இதைச் சோதிப்பதைப் பழக்கமாக்கிக்கொள்வது நலம்.

ஹெர்மிஷியன் அணியை ஐ என்பதால் பெருக்கிவிட்டு அதுவும் ஹெர்மிஷியன்தான் என்று தொடர்கிறவர்களும் உண்டு. அது எதிர் ஹெர்மிஷியன் (இணை மாற்று எடுத்தால் குறி மாறும் அணி) ஆகிவிடுகிறது. அதன் ஐகன் மதிப்புகள் பூச்சியமாகவோ தூய கற்பனை எண்களாகவோ இருக்கும்.

அறிகுறி: ஐகன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை

மேலே கண்ட க அணிக்கு 4 என்னும் ஐகன் மதிப்பில் (1+ஐ, 2) என்னும் வெக்டரும், 1 என்னும் ஐகன் மதிப்பில் (−1−ஐ, 1) என்னும் வெக்டரும் கிடைக்கின்றன. ஹெர்மிஷியன் அணியின் வெவ்வேறு ஐகன் மதிப்புகளுக்குரிய வெக்டர்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். ஆனால் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் (1+ஐ)(−1−ஐ) + 2 = 2−2ஐ என்று வருகிறது. ஐகன் வெக்டரைத் திரும்பத் திரும்பக் கணித்துச் சோர்வதற்கு முன், முதல் வெக்டருக்கு இணையெண் எடுத்தோமா என்று பார்க்க வேண்டும். எடுத்தால் (1−ஐ)(−1−ஐ) + 2 = −2 + 2 = 0. வெக்டர்கள் சரியாகவே இருந்தன; சோதனைதான் தவறு.

கிராம்–ஷ்மிட் முறையில் இதே பிழை இன்னும் மறைவாக நேர்கிறது, ஏனெனில் அங்கே இணையெண் எடுத்தும் தவறலாம். (0, 1) என்பதிலிருந்து (1, ஐ) என்னும் திசையின் மேல் அதற்குள்ள வீழலை நீக்க வேண்டும் என்று கொள்வோம். நீளத்தின் வர்க்கம் 2 ஆதலால், குணகம் (1, ஐ) என்பதற்கு இணையெண் எடுத்து (0, 1) என்பதோடு உட்பெருக்கி 2ஆல் வகுக்கக் கிடைக்கும் −ஐ/2. வீழல் (−ஐ/2, 1/2); எஞ்சுவது (ஐ/2, 1/2). இது (1, ஐ) என்பதற்குச் செங்குத்து. மாறாக இணையெண்ணை (0, 1) என்பதற்கு எடுத்துவிட்டால் குணகம் ஐ/2 ஆகி, எஞ்சுவது (−ஐ/2, 3/2) ஆகிறது. அதைச் சோதித்தால் பூச்சியத்துக்குப் பதில் −2ஐ வருகிறது. எந்தத் திசையின் மேல் வீழ்த்துகிறோமோ அந்த வெக்டருக்கே இணையெண் எடுக்க வேண்டும். மெய்யெண்களில் இந்த இரண்டு வழிக்கும் வேறுபாடு இல்லாததால் நம் கை அதைக் கற்றுக்கொள்ளவே இல்லை.

அறிகுறி: என் ஐகன் வெக்டர் வேறு, நூலின் ஐகன் வெக்டர் வேறு

நீங்கள் (1+ஐ, 2) என்று கண்டிருக்க, விடைப்பகுதியில் (1, 1−ஐ) என்று இருக்கலாம். இரண்டும் ஒரே திசையே. முதலாவதை (1−ஐ)/2 என்பதால் பெருக்கினால் இரண்டாவது வரும். குறுக்குப் பெருக்கல் போதுமான சோதனை: (1+ஐ)(1−ஐ) = 2 × 1. நீளத்தை 1 என்று ஆக்கிய பின்னும் மட்டு மதிப்பு 1 உடைய எந்தக் கலப்பெண்ணாலும் பெருக்கிக்கொள்ளலாம் என்பதால், கணினி தரும் வெக்டர் உங்களுடையதைப் போலத் தோற்றமளிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: சமச்சீர் அணிதான், ஆனால் மூலைவிட்ட அணியாக மாற்ற முடியவில்லை

மெய்யெண் சமச்சீர் அணிகள் அனைத்தையும் மூலைவிட்ட வடிவுக்குக் கொண்டுவரலாம் என்பது உண்மை. அந்த உறுதி கலப்பெண்களுக்கு வரும்போது சமச்சீர் அணியோடு வருவதில்லை. ஹெர்மிஷியன் அணியோடு வருகிறது. ச = [1, ஐ ; ஐ, −1] என்பதைப் பாருங்கள். இது சமச்சீர் அணி. ஆனால் ச × ச என்பதைப் பெருக்கினால் நான்கு உறுப்புகளும் பூச்சியமாகின்றன. எனவே இரண்டு ஐகன் மதிப்புகளும் 0. ஐகன் வெக்டரோ (1, ஐ) என்னும் ஒரே திசைதான். இரண்டாவது திசை கிடைக்காததால் மூலைவிட்டமாக்கல் நடக்காது. கிடைத்த அந்த ஒரே வெக்டர், முதல் அறிகுறியில் இணையெண் இல்லாமல் கணித்தபோது நீளம் பூச்சியமாக வந்த அதே வெக்டர் என்பது தற்செயல் அன்று: இணையெண் இல்லாத பெருக்கத்தில் அது தனக்குத் தானே செங்குத்தாக நிற்கிறது, ஆகவே அதற்குச் செங்குத்தாக வேறொன்றைத் தேடும் நிறுவல் அங்கேயே உடைந்துபோகிறது.

செய்ய வேண்டியது: க க* = க* க என்பது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், அந்த அணியை யூனிட்டரி அணி (இணை மாற்றே நேர்மாறாக உள்ள அணி) ஒன்றைக் கொண்டு மூலைவிட்டமாக்கலாம் என்பது உறுதி. ச அணிக்கு இது பொருந்தாது. ச ச* என்பதன் முதல் நிரை (2, −2ஐ), ச* ச என்பதன் முதல் நிரை (2, 2ஐ). பொருந்தாத அணி மூலைவிட்டமாகவே ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஐகன் வெக்டர்களை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எது நேர்ந்தாலும் முக்கோண வடிவம் உண்டு: எந்தச் சதுரக் கலப்பெண் அணியையும் யூனிட்டரி அணியைக் கொண்டு மேல்முக்கோண அணியாக்கலாம் என்பதைக் கணிதவியலாளர் ஷூர் 1909இல் காட்டினார்.

அறிகுறி: ஐகன் மதிப்புகள் இணையெண் சோடியாக வரவில்லை

மெய்யெண் அணிக்குக் கலப்பெண் ஐகன் மதிப்பு வந்தால் அதன் இணையெண்ணும் உடன் வந்தாக வேண்டும், [0, −1 ; 1, 0] என்பதற்கு ஐ, −ஐ இரண்டும் வருகின்றன. இந்தச் சோடி விதிக்குக் காரணம் சிறப்பியல்புச் சமன்பாட்டின் குணகங்கள் மெய்யெண்களாக இருப்பதே. உறுப்புகள் கலப்பெண்களானால் அந்தக் காரணமே மறைந்துவிடுகிறது. [2, 2ஐ ; 1, ஐ] என்னும் அணியின் அணிக்கோவை 0, மூலைவிட்டக் கூடுதல் 2+ஐ, ஆகவே ஐகன் மதிப்புகள் 0, 2+ஐ. இங்கே 2−ஐ என்பதைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அறிகுறி: நேர்மாறு அணி தவறாக வருகிறது

இது மேலே கண்டவற்றுக்கு நேர் எதிரான நோய். இணையெண் எடுக்கப் பழகியவர்கள் எங்கும் எடுக்கத் தொடங்குகிறார்கள். இணைக்காரணிகளைக் கொண்டு உருவாக்கும் சேர்ப்பு அணியில் இணையெண்ணுக்கு இடமே இல்லை. அங்கே நிரைநிரல் மாற்றம் மட்டுமே. இணை மாற்று அணியையும் சில நூல்கள் சேர்ப்பு என்ற சொல்லாலேயே குறிப்பதால், ஒன்றின் விதி மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறது. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை.

க அணியின் நேர்மாறு ¼ [3, −1−ஐ ; −1+ஐ, 2]. மூலைவிட்டத்துக்கு வெளியிலுள்ள உறுப்புகள் தத்தம் இடத்திலேயே நின்று குறி மட்டும் மாறியிருப்பதைக் கவனியுங்கள். சோதனை: க அணியின் முதல் நிரையோடு நேர்மாறின் முதல் நிரலைப் பெருக்கினால் 6 + (1+ஐ)(−1+ஐ) = 6 − 2 = 4; கால் பங்கு எடுக்க 1. சாதாரண அணிப் பெருக்கல், அணிக்கோவை, நீக்கல் முறை, கிராமரின் விதி ஆகிய எதிலும் இணையெண் வராது. பின்னத்தின் பகுதியை மெய்யெண்ணாக்குவதற்கு மட்டும், 1/(1+ஐ) = (1−ஐ)/2 என்பதுபோல், கையில் எடுத்துக்கொள்கிறோம்; அது எண்கணிதமே தவிர அணியைப் பற்றிய விதி அன்று.

அறிகுறி: அணிக்கோவை 0, ஆனால் நிரைகள் சார்பற்றவையாகத் தெரிகின்றன

(1+ஐ, 2), (1, 1−ஐ) என்னும் இரு நிரைகளைப் பார்த்தால் ஒன்று மற்றொன்றின் மடங்கு என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த மெய்யெண்ணால் பெருக்கினாலும் ஒன்று மற்றொன்றாகாது. ஆனால் இரண்டாவதை 1+ஐ என்பதால் பெருக்கினால் முதலாவது வந்துவிடுகிறது. இங்கே திசையிலிகளும் கலப்பெண்களே என்பதை மனம் மறந்துவிடுவதே காரணம். தரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுசென்றே சொல்ல வேண்டும்.

அறிகுறி: மாற்றி மீட்ட தரவு வரிசை தலைகீழாகத் திரும்புகிறது

யூனிட்டரி அணியின் சோதனையில் வெறும் நிரைநிரல் மாற்றைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி இல்லை. நான்கு புள்ளிகளுக்கான ஃபூரியர் அணி ப என்பதன் நிரைகள் (1, 1, 1, 1), (1, −ஐ, −1, ஐ), (1, −1, 1, −1), (1, ஐ, −1, −ஐ). இது சமச்சீர் அணி. இதன் இணை மாற்றோடு பெருக்கினால் அலகு அணியின் 4 மடங்கு கிடைக்கும். ஆகவே மீட்கும்போது ப* என்பதால் பெருக்கி 4ஆல் வகுக்க வேண்டும்.

(1, 2, 3, 4) என்னும் தரவை ப அணியால் பெருக்கினால் (10, −2+2ஐ, −2, −2−2ஐ) கிடைக்கிறது. இதை மீட்பதற்கு இணையெண் எடுக்காமல் ப அணியாலேயே மீண்டும் பெருக்கி 4ஆல் வகுத்தால் (1, 4, 3, 2) வருகிறது. முதல் எண் அசையவில்லை, மற்றவை பின்னிருந்து முன்னாக வந்துவிட்டன. எண்கள் எல்லாம் சரியாகவும் வரிசை மட்டும் கவிழ்ந்தும் இருந்தால், கணினி நிரலின் சுழற்சியிலோ சுட்டெண்ணிலோ பிழை தேட வேண்டாம், இணையெண் விடுபட்டிருக்கிறது. எல்லாம் சரியான வரிசையில் நின்று 4 மடங்காகப் பெருத்திருந்தால் வகுக்க மறந்திருக்கிறீர்கள்.

அறிகுறி: கையால் செய்தால் சரி, கணினியில் தவறு

மேட்லேப் என்னும் கணிப்பு மென்பொருளில் ஒற்றை மேற்கோள் குறி இணை மாற்றைத் தரும்; அதற்கு முன்னால் புள்ளி வைத்தால் வெறும் நிரைநிரல் மாற்று மட்டுமே. பைத்தான் நிரல்மொழிக்கான நம்பை நூலகத்தில் நிலைமை நேர்மாறு: மாற்று அணிக்கான சுருக்கெழுத்து இணையெண் எடுப்பதில்லை, அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணினி நிரலை மாற்றி எழுதுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மேட்லேபில் சுழற்சி மாறிக்குக் கற்பனை அலகின் எழுத்தையே பெயராக வைத்துவிட்டால், அதன்பின் அந்த எழுத்து −1இன் வர்க்கமூலமாக இராது. எண்ணோடு ஒட்டி எழுதினால் இந்த ஆபத்து இல்லை. நம்பையில் மெய்யெண் அணி ஒன்றின் பகுதிக்குள் கலப்பெண் அணியை இட்டால், ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டுக் கற்பனைப் பகுதியை உதிர்த்துவிடும். விடைகள் யாவும் மெய்யெண்களாகவே வந்தால் மகிழ்வதற்கு முன் இதைச் சோதியுங்கள். மறுபுறம், மெய்யெண்ணாக இருக்க வேண்டிய விடையில் 10⁻¹⁶ அளவில் கற்பனைப் பகுதி ஒட்டிக்கொண்டிருந்தால் அது முழுமையாக்கப் பிழை. அதற்காக நிரலைப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் ஓசையில்லாத பிழை, ஹெர்மிஷியன் அணிகளுக்கென்று உள்ள தனி ஐகன் கட்டளையைத் தவறான அணிக்குக் கொடுப்பது. நம்பையில் அக்கட்டளை இயல்பாகக் கீழ்முக்கோணத்தை மட்டும் படித்து, மேற்பாதியை அதன் இணையெண்ணாகத் தானே கருதிக்கொள்கிறது; அணி உண்மையில் ஹெர்மிஷியன்தானா என்று சோதிப்பதில்லை. கை தவறி எழுதிய [2, 1+ஐ ; 1+ஐ, 3] என்பதைக் கொடுத்தால் 1, 4 என்று அழகான விடை வரும். [1, ஐ ; ஐ, −1] என்பதைக் கொடுத்தால், உண்மையான ஐகன் மதிப்புகள் இரண்டும் 0 ஆக இருக்க, அது √2, −√2 என்று சொல்லும். எச்சரிக்கை எதுவும் வராது. இதைப் பிடிக்க ஒரு வழி, கிடைத்த வெக்டரை மூல அணியால் பெருக்கி, ஐகன் மதிப்பின் மடங்காகிறதா என்று ஒப்பிடுவது. அதில் ஐயம் தீராவிட்டால், ஒவ்வொரு கலப்பெண்ணுக்கும் பதிலாக அதற்குரிய 2×2 மெய்யெண் அணியை இட்டு, இருமடங்கு வரிசையுள்ள மெய்யெண் அணியாக எழுதி மீண்டும் கணியுங்கள். ஹெர்மிஷியன் அணியாக இருந்தால் அந்தப் பெரிய அணி சாதாரணச் சமச்சீர் அணியாகவே இருக்கும். ஒவ்வோர் ஐகன் மதிப்பும் இருமுறை வரும். அணிக்கோவை, சிறிய அணியின் அணிக்கோவையினுடைய மட்டு மதிப்பின் வர்க்கமாக இருக்கும். க அணிக்கு 1, 1, 4, 4 என்றும் 16 என்றும் வர வேண்டும்.